இறக்கத்தில்தான் வண்டி தெரியும்

ஹீரோவின் பழைய எக்ஸ்பல்ஸ் பைக்கைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாமா, ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411-ஐயே வைத்துக்கொள்வதா 450-க்குப் போவதா என்று கடந்த ஒரு வருஷமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை, பந்தயம் ஓட்டுகிறவனும் இல்லை. கொடைக்கானல் மலைப் பக்கம் தாண்டிக்குடிக்குக் கீழே மாமாவின் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன், வருஷத்தில் பாதி நாள் என் வண்டி தார் ரோட்டைவிட மண் பாதையில்தான் ஓடும், அதனால் கேட்கிறார்கள். வாயால் பதில் சொல்லிப் பார்த்தேன், கேட்டவர்களுக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. கடைசியில் போன டிசம்பரில், மழை விட்டுப் பத்து நாள் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர்களை எல்லாம் அவரவர் வண்டியோடு தோட்டத்துக்கே வரச் சொல்லி, ஒரே பாதையில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். காலை எட்டரை மணிக்கு அவர்கள் சொன்னதும் சாயங்காலம் நாலு மணிக்குச் சொன்னதும் ஒன்றாக இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். காப்பி காயப்போடும் களத்திலிருந்து புறப்பட்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் இறங்கி, ஓடையைக் கடந்து, அந்தப் பக்கம் மலைவாழைக் காடு வழியாக ஏறி, சுற்றிக்கொண்டு மறுபடி களத்துக்கே வந்து சேரும். மொத்தம் நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாத்தா காலத்தில் குதிரை மேல் மூட்டை ஏற்றி இறக்கிய வழி என்பதால் ஜீப்புக்குத் தோதான வளைவுகள் இதில் கிடையாது. செம்மண் மேலே காய்ந்த மாதிரி தெரியும், சருகைக் காலால் தள்ளிப் பார்த்தால் அடியில் சோப்பு மாதிரி வழுக்கும். பாதி இறக்கத்தில் ஓரிடத்தில் பாறையே ஆறு படிக்கட்டாக நிற்கிறது.

இது முழுக்கப் பட்டா நிலம், எங்கள் நிலம். பக்கத்தில் காப்புக்காடு ஆரம்பிக்கிறது, எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு சக்கரம் போகக் கூடாது என்று முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் வண்டி விடுவது குற்றம், அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களை நான் தோட்டத்துக்குக் கூப்பிடுவதே இல்லை. காட்டு மாடும் யானையும் நடக்கிற வழி அது. நாலு மணிக்கு மேல் ஓடைப் பக்கம் ஒருத்தரும் இறங்கக் கூடாது என்பது மாமாவின் கட்டளை, அதை யாரும் மீறவில்லை.

ஐந்து வண்டிகள் வந்தன. என்னுடைய பழைய எக்ஸ்பல்ஸ் 200 4வி (நாலு வால்வு), மாமா மகன் எடுத்த எக்ஸ்பல்ஸ் 210, பெரியப்பாவின் ஹிமாலயன் 411, திண்டுக்கல் நண்பரின் ஹிமாலயன் 450, அப்புறம் மதுரையிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த கேடிஎம் 390 எண்டூரோ ஆர். ஓட்டுவதற்கு எட்டுப் பேர். அதில் ஒருத்தி என் சித்தி மகள், கிராம சுகாதார செவிலியர். தினமும் ஸ்கூட்டரில் போய், தார் முடிகிற இடத்தில் அதை நிறுத்திவிட்டு, மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து ஏறுகிறவள். மண் பாதைக்கு ஏற்ற வண்டி ஒன்று எடுக்கலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். உயரம் ஐந்தடி இரண்டங்குலம், எடை ஐம்பது கிலோ. என் வண்டியில்தான் மண் பாதை பழகியிருந்தாள். உண்மையில் அன்றைக்கு அத்தனை பேரையும் நான் வரவழைத்ததே அவளுக்காகத்தான்.

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் என்ற இரண்டு குடும்பத்திலும் நடந்த மாற்றம் ஏறக்குறைய ஒரே மாதிரியானது. எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-இல், நாலு வால்வு ஆனது 2021-இல், அது காற்றும் ஆயிலும் சேர்ந்து குளிர வைக்கிற என்ஜின், ஐந்து கியர். 2025-இல் வந்த 210-க்கு ரேடியேட்டர் இருக்கிறது, ஆறு கியர். ஹிமாலயன் 411 வந்தது 2016-இல், அதற்கும் ஐந்து கியர்தான், ரேடியேட்டர் கிடையாது. 2023 நவம்பரில் வந்த 450-இல்தான் ராயல் என்ஃபீல்டு முதன்முதலாக கூலன்ட் (சூட்டைத் தணிக்கிற திரவம்) ஓடுகிற என்ஜினைப் போட்டது, ஆறு கியரோடு. புகை விதிகள் இறுக இறுக, என்ஜினின் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது, காற்றை மட்டும் நம்பி அதைச் செய்வது கஷ்டம். கூலன்ட் இருந்தால் அதே அளவு என்ஜினிலிருந்து கூடுதல் பவரும் எடுக்கலாம். 411-இல் 24 குதிரைத்திறன் சொச்சம் இருந்தது 450-இல் 40-க்குப் பக்கம் போனது, எக்ஸ்பல்ஸில் 19-ஆக இருந்தது 24-ஐத் தாண்டியது.

காலையில் எல்லோரும் பேசியது இந்தப் பவரைப் பற்றித்தான். பெரியப்பா வாழைக்காட்டு ஏற்றத்தில் 450-ஐ ஓட்டிவிட்டு வந்து இறங்கினார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, "இத்தனை வருஷமா நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன்டா" என்றார். மாமா மகன் 210-இல் இரண்டாவது கியரை மாற்றாமலே அந்த ஏற்றத்தை முடித்தான், என் பழைய வண்டியில் அங்கே முதல் கியருக்கு இறங்காமல் முடியாது. மதுரைத் தம்பியின் எண்டூரோ ஆர்-இல் யார் ஏறினாலும் சிரித்துக்கொண்டே வந்தார்கள், 399 சிசி, 46 குதிரைத்திறன், எடை 177 கிலோதான், பிறகு சிரிப்பு வராமல் என்ன செய்யும். அந்த நேரத்தில் கேட்டிருந்தால் எட்டுப் பேரும் பழைய வண்டிகளை அன்றைக்கே விற்றிருப்பார்கள்.

நான் காலையில் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் அதுவரை நாங்கள் ஓட்டியது ஏற்றத்தைத்தான். ஓடை வரைக்கும் காலையில் தோட்டத்து ஜீப் பாதை வழியாகச் சுற்றி வந்துவிட்டோம், படிக்கட்டுப் பாறை இன்னும் ஈரமாக இருந்ததால். ஏற்றத்தில் நல்ல என்ஜின் ஓட்டுகிறவனின் தப்பை எல்லாம் மூடி மறைத்துவிடும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். இறக்கத்தில் அப்படித் திருகித் தப்பிக்க எதுவும் இல்லை. வண்டியின் எடை, சீட்டின் உயரம், முதல் கியர் பிடித்து நிறுத்துகிற விதம், பிரேக், உங்கள் கால் எங்கே ஊன்றுகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பதினொரு மணிக்கு மேல் பாறை காய்ந்தது, இறங்க ஆரம்பித்தோம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், புதிய வண்டி வாங்கப் போகிற எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடையில் கொடுக்கிற தாளில் பவரையும் டார்க்கையும் (இழுவை) பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது, என்பதைப் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். மலையில் இருப்பவர்கள் அந்தச் சின்ன எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும். 411-இன் உச்ச இழுவை 32 நியூட்டன் மீட்டர், அது 4,000-லிருந்து 4,500-க்குள் வந்துவிடும். 450-இல் 40 நியூட்டன் மீட்டர், 5,500-இல். பழைய 4வி-இல் 17.35, 6,500-இல், புதிய 210-இல் 20.7, 7,250-இல். ஆக இழுவை கூடியிருக்கிறது, அது முழுசாகக் கிடைக்கிற இடமும் மேலே ஏறியிருக்கிறது. இதனால் புதிய என்ஜின் கீழே வலுவில்லாதது என்று சொல்லிவிட முடியாது. நிறுவனத்தின் கணக்குப்படி 450-இல் 3,000 ஆர்பிஎம்மிலேயே 90 சதவீதம் வந்துவிடுகிறது, அதாவது 36 நியூட்டன் மீட்டர், 411-இன் உச்சத்தையே தாண்டிய அளவு. விஷயம் என்னவென்றால், ஆள் நடக்கிற வேகத்தில் கல்லுக்கு மேல் வண்டியை உருட்டும்போது என்ஜின் 3,000-க்குக் கீழேதான் இருக்கும். பெரியப்பா பத்து வருஷத்துக்குப் பக்கமாக 411-ஐ ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் ஐடிலிலேயே விட்டு, கிளட்சைத் தொடாமல், டக்டக்கென்று இறக்கிப் பழகியவர். அதே பழக்கத்தில் 450-ஐ இறக்கியபோது படிக்கட்டு நடுவில் இரண்டு முறை ஆஃப் ஆகிவிட்டது.

மூன்றாவது முறை நான் பக்கத்தில் நின்று சொன்னேன், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், கிளட்ச் லீவரை ஒரே ஒரு விரலால் பாதியில் பிடித்து விடுங்கள் என்று. புதிய வண்டிகளில் கிளட்ச் அவ்வளவு லேசு, ஒரு விரல் போதும். இறங்கிவிட்டார். ஆனால் அது அவருக்குப் பிடிக்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பழகினால் வரும், ஒரு மாதம் ஆகலாம். புதிய வண்டிக்கு மாறுகிற யாராக இருந்தாலும் அந்த ஒரு மாதத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய கையோடு புதிய வண்டியை ஓட்டிவிட்டு "இது சரியில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். மெதுவாகப் போவதுதான் உங்கள் பாதையின் முழு வேலை என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் சுற்றுகிற பல்சக்கரம்) ஒரு பல் குறைப்பதும் ஒரு வழி. 13 பல் இருக்கிற இடத்தில் 12 போட்டால் ஒவ்வொரு கியரும் எட்டு சதவீதம் தாழ்ந்துவிடும். ரோட்டில் அதே வேகத்துக்கு என்ஜின் கூடுதலாகச் சுற்றும், சத்தமும் பெட்ரோலும் கூடும், அதற்குச் சம்மதம் என்றால் செய்யலாம்.

இறக்கத்தில் கிளட்சை முழுசாகப் பிடிப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தப்பு. பயத்தில் கை தானாகப் பிடித்துவிடும். பிடித்த நொடியில் என்ஜின் கொடுத்துக்கொண்டிருந்த தடுப்புப் போய்விடும், வண்டி உருண்டு ஓடும், அப்புறம் பிரேக்கை அழுத்துவீர்கள், சக்கரம் வழுக்கும். முதல் கியர், கிளட்ச் முழுசாக வெளியே, முன் பிரேக்கில் இரண்டு விரல் மெதுவாக, பார்வை சக்கரத்துக்கு முன்னால் நாலடி தள்ளாமல் பத்தடி தள்ளி. நின்றுகொண்டு ஓட்டினால் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், விறைப்பாக நிற்பவரை வண்டி ஒவ்வொரு கல்லிலும் தூக்கிப் போடும்.

ஏற்றத்தில் பாதியில் ஆஃப் ஆகி நின்றால் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் முன் பிரேக்கைத்தான் இறுக்குவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் எடை முழுவதும் பின் சக்கரத்தில் இருக்கும், முன் சக்கரம் பிடித்தபடியே பின்னால் வழுக்கிக்கொண்டு வரும். கியரைப் போட்டபடியே விட்டு கிளட்சை விட்டுவிடுங்கள், அணைந்த என்ஜினே பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். மூச்சு வாங்கிக்கொண்டு, இறங்கி, வண்டியைத் திருப்பிக் கொள்ளலாம்.

எனக்கும் அன்றைக்கு ஒரு விழுகை இருந்தது. எந்த வண்டியில் என்பது முக்கியமில்லை, பல வண்டிகளில் இதே ஏற்பாடுதான். இறங்குவதற்கு முன்னால் பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். சரளையிலும் சருகிலும் ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், நிற்கிற தூரம் நீண்டுவிடும், அதனால்தான் இந்த வகை வண்டிகளில் அணைத்து வைக்கிற வசதியையே கொடுக்கிறார்கள். பாதி வழியில் முன்னால் போனவர் நின்றுவிட்டார், நானும் நின்று, சாவியை அணைத்துவிட்டு அவருக்குக் கை கொடுக்கப் போனேன். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்து இறங்கினேன். சாவியை அணைத்தவுடன் ஏபிஎஸ் பழையபடி வேலைக்கு வந்துவிட்டது என்பதை நான் திரையில் பார்க்கவில்லை. வளைவில் பின் பிரேக்கை மிதித்தேன், பெடல் காலடியில் துடித்தது, வண்டி நிற்காமல் நேராகப் போய் மிளகுக்கொடி ஏற்றியிருந்த மரத்தடியில் சாய்ந்தது. முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அந்த இடத்தில் மரத்துக்குப் பதிலாகப் பள்ளம் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன். சாவியைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். சாவியைத் தொடாமல், என்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்சை மட்டும் அணைத்தால் சில வண்டிகளில் பழைய நிலை அப்படியே இருக்கும், உங்கள் வண்டியில் எப்படி என்று வீட்டு வாசலிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு நண்பர் படிக்கட்டின் நாலாவது படியில் இடது பக்கம் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கி நிறுத்தி ஸ்டார்ட் செய்கிறார், செய்கிறார், வரவே இல்லை, பேட்டரி தீர்ந்துவிடும் போலிருந்தது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் சாய்ந்தால் என்ஜினை நிறுத்துகிற சென்சார் இருக்கிறது, சாவியை முழுசாக அணைத்துத் திரும்பப் போட்டால்தான் பெரும்பாலும் விடும். போட்டோம், வந்தது. ஆனால் வெட்டிய காப்பிக் கட்டை ஒன்று ரேடியேட்டர் பக்கத்தில் குத்தியிருந்ததை அந்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் களத்தில் நிறுத்தியபோதுதான் அடியில் பச்சைச் சொட்டுகள். பழைய வண்டியில் இந்தக் கவலையே கிடையாது, விழுந்தால் தூக்கித் துடைத்துவிட்டுப் போகலாம். ரேடியேட்டருக்கு முன்னால் நல்ல இரும்புக் காப்பு ஒன்று போடாமல் கூலன்ட் வண்டியைத் தோட்டப் பாதையில் இறக்காதீர்கள் என்பது என் கருத்து. விழுந்த பிறகு முதலில் ஆளைப் பாருங்கள், அடுத்து ரேடியேட்டரையும் ஹோஸையும் பாருங்கள், மூடியைச் சூட்டோடு திறக்கவே திறக்காதீர்கள், பக்கத்து டப்பாவில் அளவு எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்த வண்டி அன்றைக்கு வேனில்தான் கீழே போனது. உதிரிப் பாகத்துக்கு அவர் மூன்று வாரம் காத்திருந்தார், மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுவும் ஒரு கணக்கு, புதிய மாடல் எடுக்கும்போது பக்கத்து ஊர் மெக்கானிக் அதைத் திறந்து பார்த்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளட்ச் லீவர் மட்டும் உடையாமல் தப்பியது, அது தற்செயல் இல்லை. லீவரின் கிளாம்ப் போல்ட்டை இறுக்கி முறுக்காமல், கையால் பலமாகத் தட்டினால் திரும்புகிற அளவுக்கு மட்டும் வைத்திருந்தார். விழுந்தபோது லீவர் திரும்பிக்கொண்டது, திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

தூக்குவதைப் பற்றியும் ஒரு விஷயம். சரிவில் வண்டி விழும்போது ஹேண்டில்பார் பள்ளத்துப் பக்கமும் சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் இருந்தால் இரண்டு பேரே திணறுவார்கள். அப்படியே தூக்க முயலாதீர்கள். படுத்திருக்கிற வண்டியைத் தரையிலேயே இழுத்துச் சுற்றி, சக்கரங்களைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்துவிட்டுத் தூக்கினால் பாதி பலம் போதும்.

இதைச் சொல்லும்போதுதான் தங்கச்சி கேட்டாள், "அண்ணே, இதை நான் தனியா இருந்தா தூக்க முடியுமா?" அன்றைக்கு முழுதும் பேசியதில் முக்கியமான கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது. ஐந்து வண்டியையும் களத்து ஓரச் சரிவில் மெதுவாகப் படுக்க வைத்து அவளைத் தூக்கச் சொன்னோம், காயப்போடும் படுதாவை அடியில் விரித்து. முதுகை வண்டியோடு ஒட்டி, குந்தி உட்கார்ந்து, காலால் உந்தி எழுகிற முறையைக் காட்டிக் கொடுத்தேன். என் பழைய 4வி 158 கிலோ வாக்கில் வரும், அதை இரண்டாவது முயற்சியில் தூக்கிவிட்டாள். 210 அதைவிடப் பத்துக் கிலோ கூட, பாதி வரைக்கும் வந்து நின்றது. ஹிமாலயன் இரண்டும் ஏறக்குறைய இருநூறு கிலோ, 450 பழையதைவிட இரண்டு மூன்று கிலோ குறைவுதான் என்றாலும் அவளுக்கு அதனால் வித்தியாசம் இல்லை. பத்துக் கிலோவில் என்ன வந்துவிடப் போகிறது என்று காலையில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். தனியாக நிற்கிறவளுக்கு அந்தப் பத்துக் கிலோதான் எல்லாம்.

அடுத்தது உயரம். பழைய 4வி-இன் சீட் 825 மில்லிமீட்டர், 210-இல் 830, ஹிமாலயன் 411-இல் 800, 450-இல் 825-ம் 845-ம் என்று இரண்டு நிலை, எண்டூரோ ஆர்-இல் 860. தாளில் பார்த்தால் 411 தவிர எதுவும் அவளுக்கு எட்டாது. ஆனால் இரண்டு காலும் எட்ட வேண்டும் என்பது தார் ரோட்டுச் சிக்னலில் நிற்கிறவர்களின் கணக்கு. மலைப் பாதையில் ஒரு பக்கம் எப்போதும் மேடாக இருக்கும். நிற்பதற்கு முன்னாலேயே எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து, சீட்டில் அந்தப் பக்கம் அரை இடுப்பை நகர்த்தி, மேட்டுப் பக்கக் காலை ஊன்ற வேண்டும். பள்ளத்துப் பக்கம் காலை நீட்டினால் தரை கிடைக்காது, வண்டியோடு சேர்ந்து போக வேண்டியதுதான். இதை அவள் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள், ஆறடி உயரத் திண்டுக்கல் நண்பர் சாயங்காலம் வரை மறந்து மறந்து கால் நீட்டினார்.

சஸ்பென்ஷனையும் அவளுக்குத் தகுந்த மாதிரி மாற்றினோம். பின் ஸ்பிரிங் என் எடைக்கு இறுக்கி வைத்தது, அவள் உட்கார்ந்தால் அசையவே இல்லை. பொதுக் கணக்கு என்னவென்றால், ஓட்டுகிறவர் உட்கார்ந்தவுடன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். 4வி-இன் பின் பக்கம் 170 மில்லிமீட்டர் அசையும், அதனால் ஐம்பது ஐம்பத்தைந்து அமுங்கினால் சரி. வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கர அச்சிலிருந்து சீட் ஓரம் வரை ஒரு அளவு, ஆள் உட்கார்ந்த பிறகு ஒரு அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. ஸ்பிரிங் வளையத்தைத் தளர்த்தினோம், உயரமும் கொஞ்சம் இறங்கியது, கல்லில் துள்ளுவதும் நின்றது. ஒரு எச்சரிக்கை, இப்படி இறக்கினால் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்ட மாதிரி ஆகும், வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தால் மறுபக்கம் சாயும். நிறுத்துகிற இடத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

டயரில் காற்றை இருபது பவுண்டுக்கு இறக்கிவிட்டுத்தான் எல்லோரையும் இறங்கச் சொன்னேன். ஒருவர் இன்னும் குறைத்தால் இன்னும் பிடிக்கும் என்று பதினாலுக்குக் கொண்டுபோனார். மூன்றாவது படியில் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை. 21 அங்குல முன் ட்யூப் நம் ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கிற பொருள் இல்லை, ஒன்று கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு அதையே 17, 18 அங்குலப் பின் சக்கரத்திலும் மடித்துத் திணித்து வீடு வந்து சேரலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மதுரைத் தம்பிக்கும் மாமா மகனுக்கும் இதில் எது எண்டூரோ, அதாவது கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் ஓட்டுகிற போட்டிக்கான வண்டி, என்று வாக்குவாதம். தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது. எண்டூரோ என்ற பெயரில் உலகத்தில் ஓட்டப்படுகிற வண்டிகள் நூற்றுப் பத்துக் கிலோவைச் சுற்றி இருப்பவை, ஆறு நாள் எண்டூரோ என்கிற போட்டியே 1913-இல் ஆரம்பித்தது, கேடிஎம்மின் அந்த ரக வண்டிகள் 2024-இல் சட்டத்திலிருந்து (ஃபிரேம்) எல்லாமே புதிதாக மாறின, அவற்றை இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று இல்லாமல் இத்தனை மணி நேரம் ஓடியதும் என்று கணக்கு வைத்துத்தான் சர்வீஸ் செய்கிறார்கள். நம் கையில் இருப்பவை எல்லாம் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் நிற்பவை. எனக்கு அதில் குறை இல்லை. வத்தலக்குண்டுக்குப் போய் உரம் விலை கேட்டுவிட்டு அதே வண்டியில் ஓடைக்கு இறங்க வேண்டியவனுக்கு நடுவில் நிற்கிற வண்டிதான் வேண்டும். தம்பியின் வண்டி ஐந்தில் போட்டி வண்டிக்கு ரொம்பவும் கிட்ட இருந்தது, 9 லிட்டர் டேங்க்கைப் பார்த்தாலே அது எதற்குச் செய்யப்பட்டது என்று புரிந்துவிடும்.

களத்தில் வேலை பார்க்கிற தாத்தா ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு மூட்டை காப்பியை முப்பது வருஷமாக இந்த மலையில் இறக்குகிறவர். "தம்பி, இதுல மூட்டை எங்க வைக்கிறது?" என்றார். யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. அப்புறம் யோசித்துப் பார்த்து, தங்கச்சியின் மருந்துப் பையையும் ஐஸ் பெட்டியையும் உண்மையிலேயே பின்னால் கட்டி, மறுபடி ஒரு சுற்று இறக்கினோம். பன்னிரண்டு கிலோ சுமைதான், ஆனால் சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு வண்டியும் வேறு வண்டி ஆகிவிட்டது. உயரமான வண்டிகள் வளைவில் சாய்ந்தால் நிமிர மறுத்தன. பையை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டதும் பாதி சரியானது. நீங்கள் தினமும் சுமை கொண்டுபோகிறவர் என்றால், டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது அந்தச் சுமையையும் கையோடு எடுத்துப் போங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

நாலு மணிக்கு எல்லோரும் களத்தில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்தபோது காலைப் பேச்சு மாறியிருந்தது. பெரியப்பா, கொடைக்கானல் ரோட்டுக்கும் வெளியூருக்கும் 450-தான், ஆனால் தோட்டத்துக்கு என் பழையது போதும், விற்கப் போவதில்லை என்றார். 450 வைத்திருக்கிற நண்பர் 411-இன் அந்த மெதுவான டக்டக்கைத் திரும்பத் திரும்பப் பேசினார், ஆனால் மாறுவதாக இல்லை, திண்டுக்கல்லிலிருந்து நாற்கரச் சாலையில் வருகிறவருக்கு ஆறாவது கியர் வேண்டும்தான். மாமா மகனுக்கு 210-இல் எந்தச் சந்தேகமும் வரவில்லை, அவன் இருபத்திநாலு வயது, தூக்குகிற பலம் இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு முறை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறான், அவனுடைய தேர்வு சரி. புதிய வண்டிகள் நல்ல வண்டிகள், இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அவற்றில் கூடியிருக்கிற நல்லதில் பாதி, ரோட்டில் போய்ச் சேருகிற தூரத்துக்கானது. உங்கள் ஓட்டத்தில் ரோடு எவ்வளவு, பாதை எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்தால் யார் சொல்லும் தேவையில்லாமல் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தங்கச்சி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ஃபோன் செய்து, "அண்ணே, உங்க பழைய வண்டியையே எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். ஸ்பிரிங் வளையம் அவளுக்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது, முன் ஸ்ப்ராக்கெட் 12 பல் மாற்றிக் கொடுத்தேன், பின்னால் பையைத் தாழ்வாகத் தொங்கவிடுவதற்கு வத்தலக்குண்டு வெல்டிங் கடையில் இரண்டு பக்கமும் கம்பி வைத்தோம். பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் காலையில் பழம் எடுப்பைப் பார்க்கப் போனபோது, எதிர் மலையில் அவள் ஏறிப் போகிற சத்தம் கேட்டது, முதல் கியரில், விட்டுப் பிடிக்காமல், ஒரே சீராக. வளைவு வரும் இடத்தில் சத்தம் ஒரு நொடி தணிந்து, மறுபடி ஏறிக்கொண்டு போனது.